மறைப்பதற்கென்றே வைத்த பைன் மரம்

கேள்வி: ஜப்பான் போனபோது கியோட்டோவில் கட்சுரா மாளிகைக்கு முன்பதிவு செய்து போனோம். ஒரு மணி நேரம் கல் கல்லாகத் தாண்டிக் குளத்தைச் சுற்றியதுதான் மிச்சம். மாளிகைக்குள் விடவில்லை. கொஞ்சம் நின்றால் பின்னால் வரும் காவலர் நகரச் சொல்கிறார். தங்கம் இல்லை, சிற்பம் இல்லை. இதற்கா இத்தனை பெயர்?

பதில்: இதற்கேதான். தங்கமும் சிற்பமும் வேண்டுமென்றால் டோக்கியோவுக்கு வடக்கே உள்ள நிக்கோ ஊருக்குப் போயிருக்க வேண்டும். அங்கே, அரசர் பெயரளவில் இருக்க நாட்டை உண்மையில் ஆண்ட தொகுகவா குலத்தினர் தங்கள் குலமுதல்வருக்கு 1636இல் கட்டி முடித்த கோயிலில் இரண்டும் கண்கூச இருக்கின்றன. ஏறக்குறைய அதே காலத்தில்தான் இளவரசர் தொஷிஹிதோ கட்சுராவைத் தொடங்கினார். மகன் தொஷிதாதா விரிவாக்கினார். அரச குடும்பம் என்ற பெயர் இருந்தது, அதிகாரம் இல்லை. படிப்பும் ரசனையும் ஏராளம். அதை வைத்துக் கட்டிய இடம் அது.

நுழைந்த கொஞ்ச நேரத்தில், வேலிகளுக்கு நடுவே போகும் பாதையின் முனையில் ஒரு சின்ன பைன் மரம் நின்றதே, கவனித்தீர்களா? குளம் அங்கிருந்தே முழுதாகத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். நீங்கள் அலுத்துக்கொண்ட கற்களும் அப்படித்தான். ஒன்று போல் ஒன்று இல்லாததால் குனிந்து பார்த்துத்தான் கால் வைக்க முடியும். அகலமான கல் வரும்போது தானாக நின்று நிமிர்வோம். புதிதாக ஒரு கரை, ஒரு பாலம், ஒரு கல்விளக்கு. குளத்தைத் தவணை தவணையாகத்தான் தருவார்கள். முழுசாக ஒரே படத்தில் பிடிக்கப் பார்த்தால் எதுவும் சிக்காது.

ஷோகின்தெய் தேநீர்க்குடிலை வெளியிலிருந்தே பார்த்திருப்பீர்கள். சுவரில் நீலமும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய சதுரங்கள். வெறும் காகிதம்தான் ஒட்டியிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு வடிவமைப்பு அது என்று சொன்னால் நம்ப முடிகிறதா? 1933இல் அங்கே போன ஜெர்மன் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் நிக்கோவை ஒதுக்கிவிட்டு இந்த இடத்தைத்தான் கொண்டாடினார்.

மாளிகை உயரமான கால்களில் நிற்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. பக்கத்திலேயே கட்சுரா ஆறு. குளத்துக்குத் தண்ணீர் தந்ததும் அதுதான், வெள்ளமாக வந்து பயமுறுத்தியதும் அதுதான். இந்தக் கட்டடங்களைப் பிரித்துச் சீர்செய்ய 1976 முதல் 1982 வரை பிடித்தது. தினமும் கூட்டம் கூட்டமாக ஏறி இறங்கினால் பாய்களும் ஓவியக் கதவுகளும் எத்தனை நாள் தாங்கும்? உள்ளே விடாதது சரிதான்.

ஒரு மணி நேரம் போதாது என்று சொல்லியிருந்தால் முழு மனதோடு ஒப்புக்கொள்வேன். அடுத்த முறை கியோட்டோ போனால் அங்கிருக்கும் இன்னொரு அரச தோட்ட மாளிகையான ஷுகாகுயினுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். மலைச்சரிவில் நீரை மறித்துக் குளமாக்கி, அந்தக் கரையையே செடிவேலிகளால் மூடியிருக்கிறார்கள். சுற்றிலும் இன்றும் பயிர் செய்கிற வயல்கள். அதற்கும் முன்பதிவு உண்டு, மேடும் பள்ளமுமாக நிறைய நடக்க வேண்டும். நல்ல பிடிப்புள்ள ஷூவாகப் போட்டுக்கொண்டு போங்கள்.