மொஹாவி பாலைவனத்தில் புதர்கள் அளந்து நட்டதுபோல் நிற்பது ஏன்?

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் இப்படி இடைவெளி விட்டு நிற்கும் புதர்களைப் பார்த்தால், அவை பெரும்பாலும் கிரியோசோட் என்ற புதராகத்தான் இருக்கும். அதை யாரும் நடவில்லை; தண்ணீர்ப் பஞ்சம் நட்டது. ஒவ்வொரு புதரும் தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை வேரால் உறிஞ்சிவிடுவதால், பக்கத்தில் விழுந்த விதை முளைத்தாலும் பிழைப்பது அரிது. போதாததற்கு, அதன் வேர்க் கசிவுகள் அண்டை வேர்களின் வளர்ச்சியையும் தடுக்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், கிரியோசோட் கன்று பல இடங்களில் வெண்பர்சேஜ் என்ற குட்டைப் புதரின் நிழலில்தான் தலைதூக்குகிறது. வளர்ந்தபின் வளர்த்தவளையே நெருக்குகிறது!

இலையைத் தொட்டுப் பாருங்கள்: சின்னஞ்சிறு இலை, விரலில் ஒட்டும் பிசின். நீர் ஆவியாவதைக் குறைக்கும் பூச்சு அது. மழை பெய்தால் பாலைவனமே மணப்பதும் இந்தப் பிசினால்தான்.

எல்லா இடத்திலும் இதே கூட்டம் இருக்காது. மலையடிவாரத்தின் சரளைச் சரிவு கிரியோசோட்டுக்கும் பர்சேஜுக்கும் உரியது. சமவெளியின் தாழ்ந்த உப்பு மண்ணில் உப்புப் புதர்கள். மேலே, குளிர் கூடிய சரிவுகளில் கரும்புதர் (blackbrush) என்ற வேறொரு இனம்.

கிரியோசோட்டின் வயதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். நடுத்தண்டு பட்டுப்போக, ஓரத் தண்டுகள் வெளிநோக்கிப் பரவி வளையமாகின்றன. கலிஃபோர்னியாவின் லூசர்ன் பள்ளத்தாக்கை அடுத்துள்ள ‘கிங் குளோன்’ என்ற வளையத்தின் வயது ஏறக்குறைய 11,700 ஆண்டுகள் என மதிப்பிட்டிருக்கிறார்கள். பார்த்தால் வெறும் சுள்ளிக் கும்பல்.