பாடகரின் முதுகைப் பார்த்து வாசித்தவர்

போன முறை ராக் இசையின் தொடக்ககால டிரம்மர்களைப் பற்றி எழுதியபோது, எல்விஸ் பிரெஸ்லியின் டிரம்மர் டி.ஜே. ஃபோன்டானாவை ஒரே வரியில் கடந்துவிட்டேன். வந்து சேர்ந்த கேள்விகளில் பாதி அவரைப் பற்றித்தான். குறை என்னுடையது, இம்முறை முழுக்க அவரே.

கேள்வி: ஐயா, எல்விஸிடம் அவர் எப்படிச் சேர்ந்தார்? தேர்வு வைத்து எடுத்தார்களா?

தேர்வெல்லாம் இல்லை. லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் 'லூசியானா ஹேரைடு' என்ற மேடை நிகழ்ச்சி சனிக்கிழமைகளில் நடக்கும், வானொலியிலும் போகும். அதன் ஆஸ்தான டிரம்மர் ஃபோன்டானா. 1931இல் பிறந்த உள்ளூர்க்காரர். 1954 அக்டோபரில் எல்விஸ், கிட்டார் ஸ்காட்டி மூர், பாஸ் பில் பிளாக் மூவரும் அங்கே வந்தார்கள். டிரம்மர் கிடையாது. ஃபோன்டானா அவர்களோடு உட்கார்ந்து வாசித்தார். மறு ஆண்டே ஊர் ஊராக அழைத்துப் போகத் தொடங்கிவிட்டார்கள்.

கன்ட்ரி இசை, அதாவது அமெரிக்கக் கிராமியப் பாணி இசையின் ரசிகர்களுக்கு அன்று டிரம்ஸ் என்றாலே ஆகாது. அதனால் ஹேரைடில் இவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொன்ன காலமும் உண்டு. ஓசை வேண்டும், ஆள் தெரியக் கூடாது!

கேள்வி: எல்விஸின் முதல் இசைத்தட்டுகளில் டிரம்ஸே இல்லையே. அது இல்லாமலே நன்றாகத்தானே இருந்தது?

ஃபோன்டானாவுக்கும் அதே எண்ணம்தான். பில் பிளாக் பாஸ் தந்திகளை இழுத்து விட்டு மரத்தில் அறையும் சத்தமே தாளமாகிவிடும். அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று ஒதுங்கி வாசித்தார். நான்கு எண்ணிக்கைத் தாளத்தின் இரண்டாம், நான்காம் அடிகளில் ஸ்னேரை, அதாவது சுரீரென்று ஒலிக்கும் சிறிய டிரம்மை, அழுத்தினார், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு அடிகள் விழுந்த பிறகுதான் அந்தக் கூட்டணியின் இசை ராக் அண்டு ரோல் ஆனது என்பது என் கட்சி.

கேள்வி: எல்விஸின் இடுப்பாட்டத்துக்கும் டிரம்ஸுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் நெருங்கிய தொடர்பு. ஃபோன்டானா அதற்கு முன் இரவு விடுதிகளில் ஆடை களையும் நடனக்காரிகளுக்கு வாசித்தவர். அங்கே தாளக்காரனின் கண் ஆடுபவரின் உடம்பை விட்டு அகலக் கூடாது. இடுப்பு வெட்டினால் அந்த நொடியில் அடி விழ வேண்டும். அதே வித்தையை எல்விஸுக்குச் செய்தார். 1956 ஜூன் 5 அன்று மில்டன் பெர்ல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 'ஹவுண்ட் டாக்' பாடியதைப் பாருங்கள். முடியப்போகிறது என்று நினைக்கும்போது வேகம் பாதியாகக் குறைகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் பின்னாலிருந்து ஓர் அடி. நாடே கொதித்தது. திட்டு முழுவதும் எல்விஸுக்கு. அடித்தவர் பெயரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் நியூயார்க்கில் இசைத்தட்டுக்காக அதே பாட்டை 31 முறை ஒலிப்பதிவு செய்தார்கள். பாட்டின் சரணங்களுக்கிடையில் இயந்திரத் துப்பாக்கிபோல் ஸ்னேர் உருள்கிறதே, அதை ஒருவர் அத்தனை முறை வாசித்தார் என்று நினைத்தால் எனக்கே மணிக்கட்டு வலிக்கிறது.

கேள்வி: ரசிகைகளின் கூச்சலில் பாட்டு காதில் விழுந்திருக்குமா?

விழாது. பாடகரின் குரலை வாத்தியக்காரர்களுக்குத் திருப்பி ஒலிக்கும் பெட்டிகள் அன்று மேடையில் இல்லை. பாட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை எல்விஸின் தோளும் காலும்தான் சொல்லும். முதுகைப் பார்த்தே பாட்டைப் பிடிப்பார்கள்.

கேள்வி: எல்விஸ் பணத்தில் புரண்டார். இவருக்கு என்ன கிடைத்தது?

வாரம் 100 டாலர்.

மூரும் பிளாக்கும் தொடக்கத்தில் வருமானத்தில் பங்குதாரர்கள். பிறகு அவர்களையும் கூலிக்கு மாற்றினார்கள்: சுற்றுப்பயண வாரத்துக்கு 200, சும்மா இருக்கும் வாரத்துக்கு 100. பொறுத்துப் பார்த்து 1957 செப்டம்பரில் இருவரும் விலகல் கடிதம் கொடுத்தார்கள். ஃபோன்டானா அதில் சேரவில்லை. நண்பர்களைக் கைவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். பங்கு தருவதாக யாரும் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. முதல் நாளிலிருந்தே சம்பளக்காரர். ஏமாற்றப்பட்டவர்களின் கோபமும் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டு வந்தவரின் கணக்கும் ஒன்றல்ல. இசைத்தட்டு எத்தனை லட்சம் விற்றாலும் வாரக்கூலி ஏறாது என்பதுதான் உண்மையான அநியாயம். அதைப் பற்றிக் கேட்டால் இன்னொரு நாள் சண்டை போடலாம்.

கேள்வி: 1960களில் இரண்டு டிரம்மர்கள் வாசித்தார்களாமே?

ஆமாம், நாஷ்வில் ஒலிப்பதிவுகளில் ஃபோன்டானாவோடு படி ஹார்மன் (Buddy Harman) என்ற இன்னொரு டிரம்மரும் வாசித்தார்.

கேள்வி: கடைசி வரை ஏன் கூட இல்லை?

1968இல் என்பிசி தொலைக்காட்சிக்காகப் பழைய தோழர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசித்தார்கள். பிளாக் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். ஃபோன்டானாவுக்கு முன்னால் டிரம்ஸ் இல்லை. கிட்டார் பெட்டி ஒன்றின் மேல் குச்சிகளால் தட்டினார். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். மறு ஆண்டு லாஸ் வேகஸுக்கு எல்விஸ் புதிய குழு சேர்த்தார். டிரம்ஸில் ரானி டட். ஃபோன்டானா நாஷ்வில்லில் ஒலிப்பதிவுகளுக்கு வாசித்துப் பிழைத்தார். ராக் அண்டு ரோல் புகழ் மண்டபம் 2009இல் இவரைச் சேர்த்தது; 2018 ஜூனில், 87 வயதில் மறைந்தார்.

கேள்வி: ஆறு மாதமாக டிரம்ஸ் கற்கிறேன். அவருடைய எந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளலாம்?

'ஜெயில்ஹவுஸ் ராக்', 1957. கிட்டாரின் வெட்டோடு சேர்ந்து ஸ்னேரில் இரண்டு அடி, பிறகு வெற்றிடம். அடிகளை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவீர்கள். அந்த வெற்றிடத்தில் கை குறுகுறுக்கும், எதையாவது நிரப்பத் தோன்றும். குச்சிகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.