கேளுங்கள், சொல்கிறோம்: பட்டணத்தில் பழைய வீடுகளும் அருங்காட்சியகங்களும்

கேள்வி: விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் இருவரையும் (வயது 13, 9) சென்னைக்கு அழைத்துச் சென்று, அருங்காட்சியகங்களையும் பெரியவர்கள் வாழ்ந்த வீடுகளையும் காட்ட விரும்புகிறோம். வியாழக்கிழமை பல்லவன் ரயிலில் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறோம். என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். முதலில் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. முட்டுக்காட்டில் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்துள்ள தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை அறியாமல் ஒரு வெள்ளிக்கிழமை என் பேத்தியை எழும்பூருக்கு அழைத்துச் சென்று, பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவள் முகம் வாடியது இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஆகவே வியாழன் பிற்பகல் எழும்பூர், வெள்ளி தட்சிணசித்ரா, சனிக்கிழமை கோட்டையும் திருவல்லிக்கேணியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லவன் நண்பகல் வாக்கில் எழும்பூரில் இறக்கிவிடும். பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு, சாப்பிட்டபின் பாந்தியன் சாலைக்குச் செல்ல ஆட்டோவில் சில நிமிடங்களே ஆகும். 1851-இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் பல கட்டடங்களாகப் பரந்திருப்பதால், ஒரே பிற்பகலில் அனைத்தையும் பார்க்க முயன்றால் உங்கள் கணவருக்குக் கால் வலிக்கும், பிள்ளைகளுக்கோ எதுவும் மனத்தில் தங்காது. வெண்கலப் படிமக் கூடம் ஒன்றையும் ஆதிச்சநல்லூர் அகழாய்வில் கிடைத்த பொருள்களையும் மட்டும் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

படிமக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் கால் மணி நேரமாவது நில்லுங்கள். வலப்பாதி சிவனுக்கு இரண்டு கைகள், இடப்பாதி உமைக்கு ஒரே கை. கைகளை எண்ணிப் பார்க்குமாறு சின்னவனிடம் சொல்லுங்கள். அதன்பின் இடுப்பு வளைவைக் கவனிக்கச் சொல்லுங்கள்: ஒரு பக்கம் நேராக இறங்கும் கோடு, மறுபக்கம் வளைந்து இறங்கும், இரண்டும் எங்கே ஒன்றாகின்றன என்று தேடினால் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்தபின் உலோகத்தை ஊற்றி வார்த்த படிமங்கள் இவை. ஒரு கருவிலிருந்து ஒரு படிமம்தான் பிறக்கும். பல படிமங்களின் பீடங்களில் துளைகளும் வளையங்களும் இருப்பதைக் காட்டி, பிள்ளையார்பட்டியில் உற்சவர் புறப்பாட்டைப் பார்த்திருக்கிறாயே, அதுபோல இவரும் வீதியுலா வந்தவர்தான் என்று சொன்னால், கண்ணாடிக்குள் நிற்பவர் பிள்ளைகளுக்கு நெருக்கமாகிவிடுவார்.

ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளைப் பார்க்குமுன், முடிந்தால் இங்கிருந்தே ஒரு நாள் கீழடிக்குப் போய் வாருங்கள். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் நம் செட்டிநாட்டு வீட்டமைப்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிள்ளைகள் எழும்பூரில் தாமாகவே கேள்வி கேட்பார்கள்.

கோட்டைக்குள் நுழையச் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். 1795-இல் கட்டி முடிக்கப்பட்ட அருங்காட்சியகக் கட்டடம் முன்பு வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய இடம் என்பதால், கொண்டுவிற்ற நகரத்தார் வணிகர்களின் வழியில் வந்த நமக்கு அதில் தனி ஈடுபாடு பிறக்கும். அங்குள்ள ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில், திப்பு சுல்தானின் பிள்ளைகள் இருவர் 1792-இல் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழத் தம் வயதுச் சிறுவர்களை அங்கே காணும் பிள்ளைகளிடம் போரைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் உள்ளது பாரதியார் இல்லம். 1921 செப்டம்பரில் அவர் உயிர் பிரிந்த வீடு அது. 1919-இல் அவர் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்து, அச்சங்கத்தாருடன் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நாம் என்று வாசற்படியிலேயே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். நம் ஊர் வீட்டை அங்கே போய்க் கட்டணம் கொடுத்துப் பார்ப்பதில் என்ன பொருள் இருக்கிறது?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது, ஆனாலும் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன். நம் தெருக்களில் எத்தனையோ வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, திருமணத்துக்கோ முன்னோர்க்குச் செய்யும் படைப்புக்கோ மட்டுமே திறக்கப்படுகின்றன. பங்காளிகளுக்குள் உடன்பாடு இல்லாமல் இடிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. வெளியூரில் வளர்ந்த பிள்ளை முகப்பிலிருந்து, நடு முற்றத்தைச் சூழ்ந்த வளவுக்கும், அங்கிருந்து இரண்டாங்கட்டுக்கும் தடையின்றி நடந்து பார்க்க, எந்நேரமும் திறந்திருக்கும் வீடு ஒன்று வேண்டாமா?

அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. 1996-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில், நம் வீட்டிலிருந்து சில அடிகள் நடந்தால் அக்கிரகாரத்து வீடும், நெசவாளர் வீடும், குயவர் வீடும், மரத்தாலான கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடும் வரிசையாக வருகின்றன. நடு முற்றம் நமக்கு மழைநீரும் வெளிச்சமும் இறங்கும் இடம், விசேஷங்கள் நடக்கும் இடம். நெசவாளர் வீட்டிலோ தறியே வீட்டின் நடுவாக இருக்கிறது. செய்த தொழிலுக்கும் பெய்யும் மழைக்கும் ஏற்ப வீடு எப்படி மாறுகிறது என்பதை, நம் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் அறிய முடியாது. வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுங்கள். நிறைய நடக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியாரின் நூலகத்தைச் சென்னையில் பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவி, கோட்டையூர்

பதில்: முடியும். 1992-இல் அவர் மறைந்தபின், அவர் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. இப்போது அது தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. அது சுற்றிப் பார்க்கும் காட்சிக்கூடம் அன்று, அமர்ந்து படிக்கும் இடம். ஆகவே நகரத்தார் வெளியிட்ட பழைய இதழ் ஒன்றையோ, உங்கள் ஆயா (தாய்வழிப் பாட்டி) வீட்டில் கேட்ட நூல் ஒன்றின் பெயரையோ முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, தொலைபேசியில் நேரம் கேட்டபின் செல்லுங்கள்.