நான்கு முறை வந்த போன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்காக ஆன்லைனில் சலங்கை ஆர்டர் செய்திருந்தேன். ஐந்து நாள் தாமதமாகி, விழா முடிந்த மறுநாள் வந்தது. கொண்டுவந்த பையன் வழி கேட்டு நான்கு முறை போன் வேறு செய்தான். வாசலில் நிற்க வைத்துத் திட்டிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை, ஓடிபி மட்டும் கேட்டான். ஆப்பில் ஒரு ஸ்டார் கொடுத்தேன். இரவு தூக்கம் வரவில்லை. என் கோபம் நியாயம்தானே? இனி தாமதமானால் யாரைத்தான் கேட்பது?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

கோபம் நியாயம்தான். அதைக் கொண்டுபோய் இறக்கிய இடம்தான் தப்பு. கஸ்டமர் கேரில் புகார் கொடுங்கள், பணத்தைத் திரும்பக் கேளுங்கள். இதற்கு நான் எதற்கு? அந்த ஒரு ஸ்டாரை முடிந்தால் மாற்றிவிடுங்கள்.  

எனக்கு உறுத்துவது அந்த நான்கு போன். ஊரில் இல்லாத வீட்டையா தேடினான்? பல இடங்களில் டெலிவரி பையன்களுக்குப் பார்சல் கணக்கில்தான் கூலி. உங்கள் தெருவை அவன் சுற்றிய நேரமெல்லாம் அவன் கைக்காசு. நம் ஆட்கள் சொந்த வீட்டுக்கு முகவரி எழுதும் லட்சணம் இருக்கிறதே! 'வாட்டர் டேங்க் அருகில்' என்பார்கள். எந்த டேங்க்? சென்னையில் கேட்கவே வேண்டாம். பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. ஆர்டரில் போடுவது ஒன்று, கேட்டில் இருப்பது இன்னொன்று. அவன் போன் செய்தால் மட்டும் "லொக்கேஷன் அனுப்பினேனே" என்று எரிந்து விழுவது.

இந்த முகவரிக் குழப்பம் புதிதல்ல. அதைத் தீர்க்கத்தான் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. கொண்டுவந்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் ஊருக்கு ஊர், ஆளுக்கொரு மொழியில் முகவரி, எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் அந்த ஆறு எண். அதன் வால்தான் சென்னை-17 என்றால் தி.நகர், சென்னை-4 என்றால் மயிலாப்பூர்.

என் அப்பா புதுப்பட்டியில் இ.டி. போஸ்ட்மேன், அதாவது கிராமத்துப் பகுதிநேரத் தபால்காரர். தமிழ்நாட்டில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு புதுப்பட்டியில்தான் விழும். ஒருமுறை ஊர்க்காரர் ஒருவருக்கு இன்டர்வியூ கடிதம், தேதி முடிந்து மூன்றாம் நாள் வந்தது. டீக்கடையில் எல்லார் முன்னாலும் அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். அப்பா கவரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் இரண்டு முத்திரை. ஒன்று வேறு மாவட்டத்துப் புதுப்பட்டி. மற்றது எங்கள் ஊர், அன்று காலைத் தேதி. முன்பக்கம் பின்கோடே இல்லை. விண்ணப்பத்தில் அவர் எழுதியதைத்தான் இன்டர்வியூ ஆபீஸில் அப்படியே டைப் அடித்திருந்தார்கள். அவர் கையை எடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து, பித்தான் அறுந்த சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். "பாவம், அவனுக்கு வேலை போச்சு" என்றார். எனக்கு அப்போது அப்பா மேல்தான் கோபம் வந்தது.

உங்கள் சலங்கையும் எந்தக் குடோனில் ஐந்து நாள் கிடந்ததோ. அந்தப் பையன் கைக்கு அன்று காலையில்தான் வந்திருக்கும். உங்களிடம் திருப்பிக் காட்ட அவனிடம் முத்திரைகூட இல்லை, அம்மா.

சரி, போகட்டும். மகளுக்கு என் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்று அனுப்பலாம் என்று உங்கள் கடிதத்தின் அடியில் பார்த்தேன். 'மூன்றாவது தெரு, பேக்கரி பின்புறம், கோவை' என்று இருக்கிறது. கதவு எண்ணும் பின்கோடும் எழுதி அனுப்புங்கள்.