வெளிநாட்டு ஸ்காலர்ஷிப்: எந்த மாகாணத்துக்கு எத்தனை?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நிதியுதவிப் பிரிவில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வெளிநாட்டு அரசுகள் நம் மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகை இடங்களை நம் ஒன்பது மாகாணங்களுக்கும் எப்படிப் பிரிப்பது என்று கேள்வி அனுப்பச் சொன்னேன். வந்ததில் பாதி "என் பிள்ளைக்குக் கிடைக்குமா அக்கா" ரகம். அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். மீதி இங்கே.

அக்கா, வெளிநாட்டு அரசுகள் தரும் இடங்களை ஒன்பது மாகாணத்துக்கும் பிரித்துத்தானே தருகிறார்கள்? (சாட்ஸ்வர்த்)

கொடுக்கிறவர்கள் பிரிப்பதில்லை, தம்பி. ஹங்கேரி அரசு தன் ஸ்டிபெண்டியம் ஹங்காரிகம் திட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு வருடம் 100 இடம் வைத்திருக்கிறது. அதில் லிம்போபோ மாகாணத்துக்கு எத்தனை என்பது புடாபெஸ்ட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எதற்கு? பிரிப்பதானால் நாம்தான் பிரிக்க வேண்டும். ஹங்கேரிக்குப் பெயர்களைப் பரிந்துரைப்பது நம் உயர்கல்வித் துறை என்பதால் அங்கே கோட்டா கேட்கலாம். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நேரே அவர்கள் தளத்துக்குப் போகிறது. ஜப்பான் அரசின் உதவித்தொகைக்குத் தூதரகமே தேர்வும் நேர்காணலும் வைக்கிறது. அங்கெல்லாம் நம் அமைச்சரிடம் கோட்டா கேட்டுப் பயனில்லை. பட்டியல் யார் கையில் என்று முதலில் பாருங்கள்.

மக்கள்தொகைப்படி பிரித்துவிட்டால் தகராறு தீர்ந்ததே? (லெனேஷியா)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022 சென்சஸ்படி நாட்டில் 6 கோடியே 20 லட்சம் பேர். ஹௌடெங்கில் 1 கோடியே 51 லட்சம், குவாசூலு-நடாலில் 1 கோடியே 24 லட்சம், வடக்கு கேப்பில் 14 லட்சம்கூட இல்லை. 100 இடம் என்றால் உங்கள் ஹௌடெங்குக்கு 24, எங்கள் குவாசூலு-நடாலுக்கு 20, வடக்கு கேப்புக்கு 2. சமமாகப் பிரித்தால் மாகாணத்துக்குப் பதினொன்று. அப்போது நீங்கள் சண்டைக்கு வருவீர்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 30 சதவீதம் கொண்ட வடக்கு கேப்புக்கு 2014ல் கிம்பர்லியில் சோல் பிளாட்ஜே பல்கலைக்கழகம் திறக்கும்வரை சொந்தமாக ஒரு பல்கலைக்கழகம் கிடையாது. ம்புமலாங்கா மாகாணத்துக்கும் அதே வருடம்தான் வந்தது. எனவே என் ஓட்டு: ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறைந்தது ஐந்து, மிச்சத்தை மக்கள்தொகைப்படி. மொத்தமே பத்து இடம் என்றால் இதெல்லாம் வீண். 0.2 மாணவரை எந்த விமானத்தில் ஏற்றுவது? அப்போது நாலைந்து வருடத்தைச் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவன். மாவட்டக் கோட்டா என்றாலே எனக்கு வயிறு எரிகிறது. (ஜோஹானஸ்பர்க்)

எரியாமல் என்ன செய்யும் ஐயா. 1970களின் தரப்படுத்தல், அதாவது தமிழ்ப் பிள்ளைகளிடம் பல்கலைக்கழகத்துக்குக் கூடுதல் மார்க் கேட்ட முறை, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை என்ன பாடு படுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிறகு வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னார், முல்லைத்தீவுத் தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை மிதித்தார்கள் என்பதும் உண்மை. இன்று அங்கே பெரும்பாலான துறைகளில் பல்கலைக்கழக இடங்களுக்கு 40 சதவீதம் நாடு தழுவிய தகுதி, 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகை, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. கொழும்பில் டியூஷன் படித்துவிட்டுப் பின்தங்கிய மாவட்டத்தில் பரீட்சை எழுதப் போகிறவர்களைத் தடுக்க, அந்த மாவட்டப் பள்ளியில் மூன்று வருடம் படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். இங்கே கோட்டா வந்தாலும் வீட்டு விலாசத்தைப் பார்க்கக் கூடாது, மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) படித்த பள்ளியைப் பார்க்க வேண்டும். விலாசத்துக்கு ஒரு சித்தப்பா போதும்.

நான் குவாசூலு-நடாலின் வடக்கே ஜோசினி பக்கம் ஆசிரியை. நடாலுக்கு 20 இடம் வந்தாலும் அதை டர்பனே வாரிக்கொள்ளும், இல்லையா?

வாரிக்கொள்ளும், டீச்சர். உங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தியை நான் மறக்கவில்லை. பிரிட்டோரியாவில் வியாழன் காலை எட்டு மணிக்கு நேர்காணல். கடிதம் கிடைத்தது செவ்வாய் மாலை. கடன் வாங்கி, இரண்டு டாக்ஸி மாறி (நம் ஊர் டாக்ஸி, அதாவது ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் மினிபஸ்) போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பட்டியலை மூடிவிட்டார்கள். பௌதிகத்தில் அவள் மார்க் அன்று தேர்வான பலரைவிட அதிகம். கோப்பில் "வரவில்லை" என்று எழுதினார்கள். மாகாணக் கணக்கில் அது இழப்பே இல்லை, அந்த இடம் இன்னொரு நடால் பிள்ளைக்குத்தான் போனது.

அதற்கு முன்பே இன்னொரு தடை உண்டு. பத்தாம் வகுப்பில் சுத்தக் கணக்குக்குப் பதில் மேத்ஸ் லிட் (அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடம்) எடுக்க வைத்துவிட்டால் இன்ஜினியரிங் அன்றோடு முடிந்தது. கணக்கு ஆசிரியர் இல்லாத பள்ளியில் வேறு வழியும் இல்லை. பிறகு கோட்டா வைத்தாலும் உட்கார ஆள் இருக்காது.

அதனால் மாகாணத்துக்குள்ளே பள்ளியின் குவின்டைலைப் (ஏழ்மைப்படி பள்ளிகளைப் பிரிக்கும் ஐந்து வரிசை) பார்க்கலாம் என்பேன். கட்டணமில்லாத 1 முதல் 3 வரையான பள்ளிகளுக்குப் பாதி இடம். அதிலும் ஓட்டை உண்டு: அந்த வரிசை பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வறுமையைப் பார்க்கிறது, பிள்ளையின் வீட்டைப் பார்ப்பதில்லை. சாட்ஸ்வர்த்தில் மேல் வரிசைப் பள்ளிக்கு வாடகை கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். அவர்களுக்குக் குடும்ப வருமானத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசு உதவிக்கு வைத்திருக்கும் 3,50,000 ராண்ட் வரம்பு தயாராகவே இருக்கிறது.

கியூபாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பியது மாகாணவாரியாகத்தானே? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஆமாம், 1996 ஒப்பந்தம். மாகாணச் சுகாதாரத் துறைகளே கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தன. போனதும் ஸ்பானிய மொழி, கடைசிக் கட்டப் பயிற்சி இங்கே, முடித்ததும் தன் மாகாணத்தில் வேலை. செலவு செய்தது நாம், அதனால் விதியும் நம்முடையது. மற்ற நாடுகளின் பணத்தில் இந்தச் சுதந்திரம் கிடைக்காது.

இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் கழகம்) உதவித்தொகை எப்படி? (டோங்காட்)

விண்ணப்பம் அவர்கள் இணையதளத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களைத் தேர்வு செய்யலாம். டர்பனில் இந்தியத் தூதரகக் கிளை இருக்கிறது, சந்தேகம் என்றால் பஸ் ஏறிப் போய்க் கேட்கிறோம். கிம்பர்லி பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

தேர்வான பிறகு பாஸ்போர்ட் எடுத்தால் போதாதா? (அவரே)

வேண்டாம் தம்பி. 600 ராண்ட் இன்றே கட்டுங்கள். மெட்ரிக் சான்றிதழை உமலுசியில் (பள்ளிச் சான்றிதழ் தரும் அரசு அமைப்பு) சரிபார்க்கவும் இப்போதே கொடுத்துவிடுங்கள்.