பிரிட்டன் அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் எழுத்தில் தரும் பதில்களிலுள்ள எண்களை நம்பலாமா?

நம்பலாம். எண் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்த எண் எதை எண்ணியது என்று பார்க்காமல் விடும்போதுதான் நாம் ஏமாறுகிறோம். எனக்கு இது புரிந்தது எங்கள் வீட்டுப் பரணாலும் என் மகளின் பள்ளிப் பட்டிமன்றத்தாலும்.

பரண் கதையை முதலில் சொல்கிறேன். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், 1930களில் கட்டிய வீடு. பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் பொது. ஓட்டுக்கூரைக்கு அடியில் பரண். இங்கே லாஃப்ட் என்பார்கள். குளிரைத் தடுக்க அதில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு விரிக்கச் சொல்கிறார்கள். எங்கள் பரணில் யாரோ எந்தக் காலத்திலோ போட்ட மஞ்சள் பஞ்சு நாலு விரற்கடைகூட இல்லை. ஜனவரியில் ஹீட்டரை அணைத்த அரை மணி நேரத்தில் மாடி அறை சில்லிட்டுவிடும். காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வடியும். அதைத் துடைக்கவென்றே ஒரு பழைய லுங்கியைக் கிழித்து வைத்திருந்தேன்.

2020 ஜூலையில், அப்போது நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் 'கிரீன் ஹோம்ஸ் கிராண்ட்' என்ற திட்டத்தை அறிவித்தார். 200 கோடி பவுண்டு. அதில் 150 கோடி வீட்டுக்காரர்களுக்கு வவுச்சராக. செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசு ஏற்கும், 5,000 பவுண்டு வரை. வருமானம் குறைந்து உதவித்தொகை வாங்கும் குடும்பம் என்றால் முழுச் செலவும், 10,000 வரை. இலக்கு ஆறு லட்சம் வீடுகள். செப்டம்பர் கடைசியில் திட்டம் தொடங்கியது.

நானும் விண்ணப்பித்தேன். வவுச்சர் மின்னஞ்சலில் வந்தது. வேலை செய்ய ஆள்தான் வரவில்லை. அரசு ஏற்ற தரச்சான்று உள்ள நிறுவனம்தான் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. ஒருவர் எங்கள் பக்கம் வருவதே இல்லை என்றார். இன்னொருவர் கோடைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். மூன்றாமவர் வந்து, பரணில் ஏறி, டேப் வைத்து அளந்து, டீ குடித்து, 950 பவுண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கொடுத்த விலையை வைத்துத்தான் விண்ணப்பமே போட்டேன். வவுச்சர் கைக்கு வந்தபின் அவர் போனை எடுக்கவே இல்லை. வவுச்சர் தேதி முடிந்து செத்துப்போனது. (பிறகு மச்சானும் நானும் ஒரு சனி ஞாயிறில் பஞ்சு ரோல் வாங்கி வந்து நாங்களே விரித்தோம். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள். ஒரு வாரம் அரித்தது.)

இதற்கிடையே, 2021 மார்ச் 27 சனிக்கிழமை, திட்டத்தை மார்ச் 31-ஓடு மூடுவதாக அறிவிப்பு வந்தது. ஆறே மாதம். கோபத்தில் எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதினேன். அவர் அலுவலகம் மரியாதையாகப் பதில் போட்டு, வேறொரு எம்.பி. கேட்ட கேள்விக்கு அமைச்சர் எழுத்தில் கொடுத்திருந்த பதிலையும் இணைத்திருந்தது. இத்தனை விண்ணப்பங்கள் வந்தன, இத்தனை வவுச்சர்கள் வழங்கப்பட்டன என்று அதில் இருந்தது. பார்க்கப் பெரிய எண்கள். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் உறைத்தது: வழங்கப்பட்ட வவுச்சர்களில் என்னுடையதும் ஒன்று! பரணில் ஒரு கைப்பிடிப் பஞ்சு ஏறவில்லை, ஆனால் அமைச்சரின் கணக்கில் நான் இருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

வேலை முடிந்த வீடுகள் எத்தனை என்பதற்கு 2021 செப்டம்பரில் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குக் கொடுத்தது. நம்மூர் சி.ஏ.ஜி. மாதிரியான அமைப்பு அது. ஆறு லட்சம் இலக்கில் தேறுவது சுமார் 47,500 வீடுகள். 150 கோடியில் செலவாவது சுமார் 31.4 கோடி பவுண்டு. அதிலும் 5 கோடி நிர்வாகச் செலவு, அதாவது வீட்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல். என் பரணுக்கு ஆகும் மொத்தச் செலவே அதைவிடக் குறைவு!

அந்த ஆண்டே மகள் பள்ளியில் விவாதப் போட்டி. விலங்குகளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது தலைப்பு. இவள் கூடாது என்ற கட்சி. சாப்பாட்டு மேசையில் உள்துறை அமைச்சகத்தின் வருடாந்திர அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, 2020-ல 28.8 லட்சம் விலங்கு!" என்றாள். வவுச்சரில் சூடுபட்டவன் நான். அட்டவணையின் தலைப்பை மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தாள். விலங்குகள் என்று இல்லை, 'செயல்முறைகள்' என்று இருந்தது.

1986-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு தேர்ந்த கை ஊசி குத்தினால் ஏற்படும் வலிக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ துன்பம் தரக்கூடிய எதுவும் ஒரு செயல்முறை. முதுகெலும்புள்ள விலங்குகள் எல்லாம் சேர்த்தி. கணவாய், ஆக்டோபஸ் வகையும் உண்டு. மரபணு மாற்றிய ஒரு எலிக்குஞ்சைப் பிறக்க வைத்தாலே அதுவும் ஒரு செயல்முறைதான், அதன் பிறகு அதை யாரும் தொடாவிட்டாலும். அந்த 28.8 லட்சத்தில் ஏறக்குறைய பாதி இப்படி உருவாக்கியது, இனம்பெருக்கியது. மீதிப் பாதிதான் நாம் மனதில் நினைக்கும் பரிசோதனை.

அவள் அடுத்துக் கேட்டது குதிரையைப் பற்றி. நாய்களின் மேல் நாலாயிரத்துச் சொச்சம் செயல்முறை, குதிரைகளின் மேல் பத்தாயிரத்துக்கு மேல். "குதிரையை வச்சு என்னப்பா ஆராய்ச்சி?" தேடிப் பார்த்தால், பெரும்பாலும் ரத்தம் எடுப்பது. ரத்தத்திலிருந்து மருத்துவப் பொருள்கள் தயாரிக்க அதே குதிரைகளிடம் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறை பயன்படுத்துவதும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். அப்படியானால் விலங்குகளின் எண்ணிக்கை அட்டவணையில் தெரிவதைவிடக் குறைவா? அவசரப்படக் கூடாது. ஆராய்ச்சிக்கென்று வளர்த்து, தேவைப்படாமல் அப்படியே கொன்றுவிடும் விலங்குகள் இந்த வருடாந்திரக் கணக்கில் வருவதே இல்லை. அவற்றை 2017-க்குத் தனியாக எண்ணி வெளியிட்டார்கள்: 18.1 லட்சம். ஒரு பக்கம் கூடுதலாகக் காட்டும் அதே தலைப்பு மறுபக்கம் ஒரு பெருங்கூட்டத்தையே மறைத்துவிடுகிறது. போதாததற்கு, இது கிரேட் பிரிட்டனுக்கு மட்டும். வட அயர்லாந்துக்குத் தனி அறிக்கை.

மேடையில் இவள் கட்சிக்காரப் பையன் ஒருவன் "28 லட்சம் உயிர்கள்" என்று முழங்க, அடுத்துப் பேச எழுந்த இவள் முதல் வேலையாக அதைத் திருத்தினாள். சொந்தக் கட்சியையே. தோற்றார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், 18.1 லட்சத்தை நான் கடைசி நிமிடம்வரை சொல்லாமல் வைத்திருந்திருக்கக் கூடாது என்று என்னைத்தான் திட்டினாள்.

'நிறுவப்பட்டது' என்ற சொல்லையும் கவனியுங்கள். கிரீன் ஹோம்ஸ் போனபின் வேறு திட்டங்கள் வந்தன. எரிசக்தி நிறுவனங்களின் பணத்தில் ஏழை வீடுகளின் சுவருக்குக் குளிர் தடுக்கும் காப்பு (இன்சுலேஷன்) போடுவது அவற்றில் ஒன்று. இத்தனை நிறுவல்கள் முடிந்தன என்று காலாண்டுதோறும் புள்ளிவிவரம் வரும். அதில்கூட நிறுவல் வேறு, வீடு வேறு. ஒரே வீட்டில் இரண்டு வேலை நடந்தால் நிறுவல் இரண்டு. 2025 அக்டோபரில் அதே தணிக்கை அலுவலகம் சொன்னது: இந்தத் திட்டங்களில் வெளிச்சுவருக்குக் காப்பு போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்தே ஆக வேண்டிய பெரிய குறைகள். சரியாகப் போடாவிட்டால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் பூசணம் பிடித்துவிடும். அத்தனையும் அதுவரை 'நிறுவப்பட்டது' பட்டியலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தவை.

பதில்களில் அடிக்கடி வரும் சில வாசகங்கள் பழகிவிட்டால் படிப்பது சுலபம். 'உரிய காலத்தில்' என்றால் தேதி எதையும் எதிர்பார்க்காதீர்கள். 'இந்தத் தகவல் மையமாகத் திரட்டப்படுவதில்லை' என்றால் நகராட்சியிடமோ மருத்துவமனையிடமோ தனித்தனியாக நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று பொருள். 'செலவு அளவுக்கு மீறியது' என்பதற்கு வரம்பே உண்டு: 850 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றால் மறுக்கலாம். அந்த இடத்தில் கேள்வியைச் சுருக்க வேண்டும். பத்து வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம், நாடு முழுவதற்கும் பதில் ஒரு மாவட்டம். நம்மூர் ஆர்.டி.ஐ. மாதிரி இங்கேயும் 2000-ம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. பதில் தர 20 வேலைநாள் அவகாசம். எம்.பி. அசைந்து கொடுக்காவிட்டால் அந்த வழியில் போகலாம்.

எம்.பி. மூலம் போவதானால் பின்கோடோடு எழுதுங்கள், அவர் தொகுதிக்காரர் நீங்கள் என்று தெரிந்தால்தான் எடுப்பார்கள். கோபத்தை ஒரு பத்தியோடு நிறுத்திவிட்டு, நீங்கள் எண்ணச் சொல்வது எது என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'திட்டம் எப்படிப் போகிறது' என்று கேட்டால் வழவழவென்று இரண்டு பத்தி வரும். 'இன்ன தேதிவரை வேலை முடிந்து பணம் கொடுக்கப்பட்ட வீடுகள் எத்தனை' என்று கேட்டால், ஒன்று எண் வரும், இல்லை அது தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவதும் பதில்தான். இன்ன நாளில் பதில் வேண்டும் என்று கேட்கும் கேள்வி, நாள் சொல்லாமல் கேட்கும் கேள்வி என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையை ஒரு எம்.பி. ஒரு நாளைக்கு ஐந்துதான் போட முடியும் என்பதால் உங்களுக்காக அதைச் செலவழிக்க யோசிப்பார்கள். இரண்டாவதற்கே சுமார் ஒரு வாரத்தில் பதில் வர வேண்டும் என்பது வழக்கம். கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் மட்டும் கேட்காதீர்கள். பதில் வராத கேள்விகள் அதோடு காலாவதி, மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும்.