இன்டர்வியூ முடிஞ்சு 82 நாள் ஆச்சுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அமெரிக்க சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ நல்லபடியா முடிஞ்சுது, இங்கிலீஷ், சிவிக்ஸ் (அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பத்தின கேள்விகள்) ரெண்டும் பாஸ், ஆனா ஆஃபீசர் கையில குடுத்த பேப்பர்ல "இப்போ முடிவு சொல்ல முடியாது"ங்கிற கட்டத்துல டிக், 82 நாள் ஆச்சு, ஆன்லைன்ல பாத்தா அதே வரிதான் நிக்குது, நடுவுல தை மாசம் மதுரையில அக்கா பொண்ணு கல்யாணம், தாய்மாமன் நீங்க, போகலாமா வேணாமான்னு கேட்டிருக்கீங்க. கடைசியில போற போக்குல ஒரு வரி, பையனுக்கு பிப்ரவரி கடைசியில 18 வயசு ஆகுதுன்னு. எனக்கு திக்குன்னு ஆனது அந்த வரியிலதான். கல்யாணத்துக்கு அப்புறம் வரேன், முதல்ல பையன்.

அமெரிக்காவுல 2000-ல ஒரு சட்டம் போட்டாங்க, 2001 பிப்ரவரி 27-லேர்ந்து நடைமுறையில இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் சிட்டிசன் ஆனா போதும், 18 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை, கையில கிரீன் கார்டு இருந்து, இங்கயே அவங்க பொறுப்புல அவங்களோட இருந்தா, அந்த நிமிஷமே தானா சிட்டிசன் ஆயிடும். தனியா அப்ளிகேஷன் கிடையாது, டெஸ்ட் கிடையாது, நேரா பாஸ்போர்ட்டுக்கே போட்டுடலாம். ஆனா "சிட்டிசன் ஆனா"ன்னா என்ன அர்த்தம்னு நிறைய பேருக்குத் தெரியல. இன்டர்வியூ பாஸ் ஆன நாளும் கிடையாது, அப்ரூவல் வந்த நாளும் கிடையாது, கையத் தூக்கி உறுதிமொழி, அதாவது ஓத், எடுத்த நாள்தான் கணக்கு. உங்க பையனோட பிறந்தநாளுக்கு முன்னாடி உங்க ஓத் நடக்கணும், ஒரு நாள் தள்ளிப்போனாக்கூட இந்த வழி மூடிடும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் என் பெரிய பொண்ணு.

நாங்க கும்பகோணத்துலேர்ந்து 2004-ல மிச்சிகன் வந்தோம், அவளுக்கு அப்போ ரெண்டு வயசு. 2012 மார்ச்ல எல்லாருக்கும் கிரீன் கார்டு வந்துச்சு. அஞ்சு வருஷம் ஆகறதுக்கு 90 நாள் முன்னாடியே என்-400, அதாவது சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன், போடலாம், அதாவது 2016 கடைசியிலேயே நான் போட்டிருக்கலாம். போடல. அப்பா ஊர்ல இருக்கார், அவர் இருக்கிற வரைக்கும் இந்திய பாஸ்போர்ட்டை விட மனசு வரல, இந்தியாவுல ரெட்டைக் குடியுரிமை கிடையாதே, இங்க உறுதிமொழி எடுத்தா அங்க போயிடுச்சு. வீட்டுக்காரரும் ஊர் நிலத்தை நினைச்சு நான் இந்தியனாவே இருக்கேன்னுட்டார். அப்படியே ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. அப்பா தவறினதுக்கு அப்புறம் 2019 மே மாசம்தான் நான் மட்டும் போட்டேன். நவம்பர் 14 இன்டர்வியூ. உங்களுக்கு வந்த அதே டிக்.

அப்புறம் தினம் காலையில காபி போடறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஸ்டேட்டஸ் பாக்கிறதுதான் வேலை. டிசம்பர் போச்சு, பொங்கல் போச்சு, மார்ச் முதல் வாரம் அப்ரூவ்டுன்னு வந்துச்சு, மார்ச் 26 ஓத்னு லெட்டரும் வந்துச்சு. புடவையெல்லாம் எடுத்து வச்சுட்டேன். மார்ச் 18 கொரோனாவுக்காக நாடு முழுக்க எல்லா இமிகிரேஷன் ஆஃபீஸும் நேர்ல பாக்கிறதை நிறுத்திட்டாங்க, ஓத் எல்லாம் ரத்து. திரும்பத் திறந்தது ஜூன் 4. என் பொண்ணுக்கு மே 9-ந் தேதி 18 ஆயிடுச்சு. ஜூன் 24 ஒரு பார்க்கிங் லாட்ல, கார்லேர்ந்து இறங்காமலே, மாஸ்க் போட்டுக்கிட்டு நான் உறுதிமொழி எடுத்தேன், பக்கத்து சீட்ல அவ உக்காந்து வீடியோ எடுத்தா. 46 நாள் தம்பி. ரெண்டு வயசுல வந்த பிள்ளை, எனக்கு சிவிக்ஸ் கேள்வி சொல்லிக் குடுத்த பிள்ளை, அவ கிரீன் கார்டோட உக்காந்திருக்கா, நான் சிட்டிசன். கொரோனாவை யாரும் தடுத்திருக்க முடியாது, ஆனா 2017-லயே போட்டிருந்தா அது எங்க மேல பட்டே இருக்காது, அது எனக்கு இன்னும் உறுத்துது. அப்புறம் அவளே தனியா என்-400 போட்டு, ஃபீஸ் கட்டி, டெஸ்ட் எழுதி, 2021-ல வாங்கினா. அதுக்கு முன்னாடி 2020 நவம்பர்ல வந்த தேர்தல்ல அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் முதல் ஓட்டு போடப் போனாங்க, இவ வீட்டுல இருந்தா.

அதனால இன்னைக்கே ஒரு லெட்டர் எழுதுங்க. உங்க கிரீன் கார்டுல இருக்கிற ஏ-நம்பர், இன்டர்வியூ தேதி, பையன் பேர், அவன் பிறந்த தேதி, அவன் கிரீன் கார்டு காப்பி, பர்த் சர்டிஃபிகேட் காப்பி, இந்தத் தேதிக்குள்ள ஓத் நடக்கலைன்னா என் பிள்ளை இந்த உரிமையை இழக்கிறான்னு நாலே வரி. இன்டர்வியூ நடந்த ஆஃபீஸுக்கு அனுப்புங்க, அவங்க கஸ்டமர் நம்பருக்கு ஃபோன் பண்ணியும் சொல்லி, ரிக்வெஸ்ட் நம்பர் வாங்கி வச்சுக்கோங்க. முன்கூட்டி ஓத் குடுக்கிறது அவங்க விருப்பம், கட்டாயம் இல்ல, ஆனா பையன் வயசு நீங்க சொன்னாத்தான் யாராவது கவனிப்பாங்க. உங்க ஏரியா காங்கிரஸ் மெம்பர் (நம்ம ஊர் எம்.பி. மாதிரி) ஆஃபீஸுக்கும் போங்க. சிட்டிசன் ஆகலையே நமக்கு எதுக்குச் செய்வாங்கன்னு நினைக்காதீங்க, அந்தத் தொகுதியில குடியிருந்தா போதும், உங்க ஃபைலைப் பத்தி விசாரிக்கலாம்னு ஒரு சம்மத ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிட்டு அவங்களே கேப்பாங்க. உங்க வீட்டுக்காரம்மாவும் அப்ளை பண்ணியிருந்தா அவங்க ஓத் முதல்ல வந்தாலும் பையனுக்குப் போதும், அதையும் பாருங்க.

அடுத்தது 120 நாள் கணக்கு. இன்டர்வியூ நடந்த நாள்லேர்ந்து 120 நாளுக்குள்ள முடிவு சொல்லலைன்னா, ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போக சட்டத்துல உங்களுக்கு உரிமை இருக்கு. ஜட்ஜ் தானே முடிவு பண்ணலாம், இல்ல இத்தனை நாளுக்குள்ள முடின்னு ஆஃபீஸுக்கே திருப்பி அனுப்பலாம். கோர்ட் ஃபீஸ் 405 டாலர், வக்கீல் ஃபீஸ் தனி. உங்களுக்கு இன்னும் 38 நாள் இருக்கு. மத்தவங்களுக்குன்னா நான் பொறுமையா இருங்கன்னுதான் சொல்லுவேன், ஏன்னா நிறைய பேருக்கு அதுக்குள்ள வந்துடும், எனக்கே 110-வது நாள் வாக்கில வந்துச்சு. ஆனா நீங்க இப்பவே ஒரு இமிகிரேஷன் வக்கீலைப் பாத்து பேப்பரெல்லாம் ரெடி பண்ணி வைங்க, 121-வது நாள் வக்கீல் தேட ஆரம்பிச்சா ஜனவரி போயிடும். வக்கீல் இல்லாம நீங்களா கோர்ட்டுக்குப் போக வேணாம்.

ஏன் நிறுத்தி வச்சாங்கன்னு கேட்டீங்க. உங்க ஃபைல்ல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும், ஆனா நம்ம ஆளுங்களுக்கு அடிக்கடி வர்ற சிக்கல் பேர்தான். நமக்கு அப்பா பேர் இனிஷியல், குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா விசாவுல நம்ம பேரைக் கடைசிப் பேரா போட்டு முன்னாடி எஃப்.என்.யு.ன்னு போட்டுடுவாங்க, முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம். எனக்கு விசாவுல அப்படி, கிரீன் கார்டுல அப்பா பேர், லைசென்ஸ்ல வீட்டுக்காரர் பேர். எஃப்.பி.ஐ.ல பேர் சரிபாக்கிறப்ப இத்தனையும் தேடணும். நான் ஃபார்ம்ல முன்னாடி இருந்த பேர்கள்னு கேட்ட இடத்துல ஒண்ணை விட்டுட்டேன், இன்டர்வியூல பத்து நிமிஷம் அதையேதான் கேட்டார். நீங்களும் அப்படி எதாவது விட்டிருந்தா அதை அந்த லெட்டர்லயே எழுதிடுங்க. இன்னொண்ணு, என்-400-ல பேர் மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? கேட்டிருந்தா கோர்ட்ல நடக்கிற ஓத்துலதான் அது முடியும், அதுக்குத் தேதி கம்மி. பையனுக்காக அந்த ரிக்வெஸ்டை வாபஸ் வாங்கலாமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க, பேரை அப்புறம் லோக்கல் கோர்ட்ல மாத்திக்கலாம்.

இப்போ கல்யாணம். காத்திருக்கிற நேரத்துல ஊருக்குப் போகக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல, இந்திய பாஸ்போர்ட், கிரீன் கார்டு எடுத்துட்டுப் போயிட்டு வரலாம். கார்டு தேதி முடிஞ்சிருந்தாலும் என்-400 ரசீதே அதை 24 மாசம் நீட்டிக் குடுக்கும், ரெண்டையும் சேத்து வச்சுக்கோங்க. பிரச்சனை தேதிதான். நீங்க மதுரையில இருக்கிறப்ப ஓத் லெட்டர் வந்தா வேற தேதி கேக்கணும், மத்தவங்களுக்கு அது பெரிய விஷயமில்ல, உங்களுக்கு அந்த வேற தேதி மார்ச்ல விழுந்தா பையன் போச்சு. அதுக்கு நேர்மாறாவும் நடக்கும், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி ஓத் முடிஞ்சுதுன்னா கிரீன் கார்டை அங்கயே வாங்கிப்பாங்க, இந்திய பாஸ்போர்ட்டும் அதோட செல்லாது, புது பாஸ்போர்ட் எடுத்து, பழசை சரண்டர் பண்ணி, விசாவோ ஓசிஐயோ (வேற நாட்டு சிட்டிசன் ஆன நம்ம ஆளுங்களுக்கு இந்தியா குடுக்கிற கார்டு) வாங்கினாத்தான் ஊர்ப்பக்கம் போக முடியும். அதனால போறதா இருந்தா நாலு நாள் மட்டும் தனியா போயிட்டு வாங்க, மாத்திக்கக்கூடிய டிக்கெட்டா எடுங்க, வீட்டுல யாராவது தினம் தபால் பாக்கட்டும். தாய்மாமன் சீரை உங்களால தட்டில எடுத்து வைக்க முடியாமப் போனா அக்காவுக்கு வருத்தமாத்தான் இருக்கும், ஆனா அந்த நேரத்துல ஓத் தேதி விழுந்துட்டா போகாதீங்க, அக்காகிட்ட பையன் விஷயத்தைச் சொல்லுங்க, அவங்களும் அம்மாதானே புரிஞ்சுப்பாங்க.

இடையில வீடு மாறினா 10 நாளுக்குள்ள அட்ரஸ் மாத்தணும். ஸ்பீடிங் டிக்கெட் எதாவது வாங்கினா மறைக்காதீங்க, ஓத் லெட்டரோட பின்பக்கத்துல, இன்டர்வியூக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு வரிசையா கேப்பாங்க, எந்த நாட்டுக்குப் போனீங்கன்னும் கேப்பாங்க, கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தா அதையும் எழுதணும். லைசென்ஸ் ஆஃபீஸ்ல ஓட்டுப் பதிவு பண்ணட்டுமான்னு கேட்டா, நீங்களும் சரி பையனும் சரி, வேணாம்னு சொல்லுங்க, ஓத்துக்கு முன்னாடி அந்த ஒரு கையெழுத்து மொத்தத்தையும் கெடுத்துடும்.

பிப்ரவரிக்குள்ள நடக்கலைன்னா அவனே என்-400 போடலாம், என் பொண்ணு மாதிரி. ஆனா அதை அவன்கிட்ட இப்பவே சொல்லிடுங்க, நான் கடைசி வரைக்கும் சொல்லாம வச்சிருந்து மே மாசம் சொன்னேன், அதுதான் அவளுக்குக் கோபம். லெட்டர் எழுதினதும் காங்கிரஸ் ஆஃபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியப்படுத்துங்க, ஃபார்ம்ல எதாவது புரியலைன்னா சனிக்கிழமை காலையில கூப்பிடுங்க தம்பி, நான் வீட்டுலதான் இருப்பேன்.